டீப் காப்பி: நோட்டை நகல் எடுக்கிறதா, தெருவையே கட்டுறதா?

இன்னைக்கு எபிசோடு முழுக்க கோட் பக்கம்தான். ஆனா லேப்டாப் திறக்க வேண்டாம். பஸ்ல நின்னுட்டே கேட்டாலும் புரியுற மாதிரி சொல்லப் போறேன். தலைப்பு: ஒரு லிஸ்ட் நிறைய ஆப்ஜெக்ட் இருக்கு, அதை எப்படி முழுசா காப்பி எடுக்கிறது? இன்டர்வியூல "ஷாலோ காப்பிக்கும் டீப் காப்பிக்கும் என்ன வித்தியாசம்"னு கேட்பாங்க, நாமளும் மனப்பாடமா ரெண்டு வரி சொல்லிட்டு வந்துடுவோம். அந்த ரெண்டு வரிக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஒரு பட்டன், 40 பேர் சம்பளம்

ஒரு கற்பனைக் கம்பெனி எடுத்துக்குவோம். 40 பேர் வேலை பார்க்கிறாங்க. எச்ஆர் டீம் ஒரு வசதி கேட்குது: "எல்லாருக்கும் 10 சதவீதம் ஏத்தினா மொத்தச் செலவு எவ்வளவு வரும்? சும்மா பார்க்கணும், எதுவும் மாறக் கூடாது." டெவலப்பர் என்ன பண்றார்? ஊழியர் லிஸ்டைக் காப்பி எடுக்கிறார். காப்பில ஒவ்வொருத்தர் சம்பளத்தையும் 10 சதவீதம் ஏத்துறார். மொத்தத்தைக் கூட்டி ஸ்க்ரீன்ல காட்டுறார். காப்பியைத் தூக்கிப் போட்டுடுறார். டெஸ்ட் பாஸ், மொத்தமும் சரியா வருது, கோட் மெர்ஜ் ஆயிடுச்சு.

இப்போ எச்ஆர்ல ஒருத்தர் அந்தப் பட்டனை அழுத்துறாங்க. 50,000 ரூபாய் சம்பளம் 55,000னு காட்டுது. கூட இருக்கிறவருக்குக் காட்டுறதுக்காக இன்னொரு தடவை அழுத்துறாங்க. இப்போ 60,500. அங்கேயே ஒரு மணி அடிச்சிருக்கணும். 10 சதவீதம் கேட்டா 21 சதவீதம் எப்படி ஏறும்? ரெண்டாவது தடவை கணக்கு ஆரம்பிச்சதே ஏற்கெனவே ஏறின சம்பளத்துல இருந்துன்னு அர்த்தம். அதாவது, தூக்கிப் போட்ட காப்பி காப்பியே இல்ல.

இதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. இந்த ஊழியர் ஆப்ஜெக்ட் எல்லாம் ஹைபர்நேட் மாதிரியோ எஸ்கியூஎல்ஆல்கெமி மாதிரியோ ஒரு ஓஆர்எம் வழியா வந்ததுன்னா, அந்த ஓஆர்எம் தன் செஷன்ல இருக்கிற ஆப்ஜெக்ட்ல என்னென்ன மாறுதுன்னு கவனிச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த கமிட் வரும்போது மாறினதை டேட்டாபேஸ்ல எழுதிடும். நீங்க "சேவ்"னு ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டீங்க. மாசக் கடைசில 40 பேருக்கும் தப்பான சம்பளம் போயிடும். எர்ரர் எதுவும் வராது, லாக்ல சிவப்பா ஒரு வரியும் இருக்காது.

லிஸ்டுக்குள்ள ஆப்ஜெக்ட் இல்ல, முகவரிதான் இருக்கு

இது ஏன் நடக்குது? பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எது எடுத்தாலும், லிஸ்டுக்குள்ள ஆப்ஜெக்ட் உட்கார்ந்திருக்கிறது இல்ல. அந்த ஆப்ஜெக்ட் மெமரில எங்க இருக்குங்கிற முகவரி மட்டும்தான் இருக்கு. நாம அதை ரெஃபரன்ஸ்னு சொல்றோம்.

வீட்டுல கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறப்போ ஒரு முகவரி நோட்டு எடுப்பாங்கல்ல? அதை நினைச்சுக்கோங்க. நோட்டுல 40 வரி, ஒவ்வொரு வரிலயும் ஒரு வீட்டு முகவரி. வீடு நோட்டுக்குள்ள இல்ல, தெருவுல இருக்கு.

இப்போ மூணு விதமான "காப்பி" இருக்கு.

முதலாவது, அசைன்மென்ட். பழைய லிஸ்ட் இருக்கிற வேரியபிளை புது வேரியபிளுக்கு சமம்னு போடுறது. இதுல காப்பியே நடக்கல. அதே ஒரு நோட்டைத்தான் ரெண்டு பேர் ரெண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க.

இரண்டாவது, ஷாலோ காப்பி. புது நோட்டு வாங்கி, 40 முகவரியையும் அப்படியே எழுதிக்கிறது. இப்போ புது நோட்டுல ஒரு வரியை அடிச்சா பழைய நோட்டுல அடிபடாது. வரிசையை மாத்தினாலும் பழசு மாறாது. ஆனா புது நோட்டைப் பார்த்து ஒரு வீட்டுக்குப் போய் சுவருக்கு நீலப் பெயின்ட் அடிச்சுட்டு வந்தா? பழைய நோட்டு வெச்சிருக்கிறவர் போய்ப் பார்த்தாலும் நீலச் சுவர்தான் இருக்கும். வீடு ஒண்ணுதானே.

மூணாவது, டீப் காப்பி. புது நோட்டு மட்டும் இல்ல, அதுல இருக்கிற 40 வீட்டையும் இன்னொரு இடத்துல அச்சு அசலா கட்டி, அந்தப் புது முகவரிகளை எழுதிக்கிறது. இனிமே என்ன பெயின்ட் அடிச்சாலும் பழைய தெருவுக்குத் தெரியாது.

நம்ம சம்பள டெவலப்பர் எடுத்தது ஷாலோ காப்பி. அவரைக் குறை சொல்ல முடியாது, ஏன்னா "காப்பி"ங்கிற பேர்ல மொழிகள் குடுக்கிறது பெரும்பாலும் இதுதான். பைத்தான்ல லிஸ்டோட காப்பி மெத்தட், முழு ஸ்லைஸ் ரெண்டும் ஷாலோ. ஜாவாஸ்கிரிப்ட்ல மூணு புள்ளி ஸ்ப்ரெட், ஸ்லைஸ், அர்ரே டாட் ஃப்ரம் எல்லாம் ஷாலோ. ஜாவால பழைய லிஸ்டைக் குடுத்து புது அர்ரேலிஸ்ட் கட்டினாலும் ஷாலோ. ஜாவா 10-ல, 2018-ல வந்த லிஸ்ட் டாட் காப்பிஆஃப் கொஞ்சம் ஏமாத்தும். அது குடுக்கிற லிஸ்ட்ல சேர்க்கவோ நீக்கவோ முடியாது, அதனால ரொம்பப் பாதுகாப்பா தெரியும். ஆனா அது நோட்டைப் பூட்டி வைக்கிறது மட்டும்தான். வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கு.

ஏன் எல்லா மொழியும் ஷாலோவை முன்னாடி வெச்சிருக்கு? ஏன்னா பெரும்பாலான நேரம் அது போதும். லிஸ்டை சார்ட் பண்ணணும், ஃபில்டர் பண்ணணும், லூப் ஓடும்போது ஒரிஜினல்ல இருந்து சிலதை நீக்கணும், இதுக்கெல்லாம் நோட்டு மட்டும் புதுசா இருந்தா போதும். வீடு கட்டுறது வீண் செலவு.

ஒரு படி இறங்கினா போதுமா?

சரி, ஒவ்வொரு ஊழியர் ஆப்ஜெக்டையும் தனித்தனியா காப்பி எடுத்துடலாம்னு அடுத்த யோசனை வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல மேப் போட்டு, உள்ள ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் ஸ்ப்ரெட் பண்றது. நிறைய கோட்ல பார்த்திருப்பீங்க. இது ஒரு படி கீழ இறங்குது. சம்பளம்ங்கிறது ஊழியருக்குள்ள ஒரு வெறும் எண்ணா இருந்தா இது சரியா வேலை செய்யும்.

ஆனா ஆறு மாசம் கழிச்சு வேற யாரோ சம்பளத்தை ஒரு ஆப்ஜெக்டா மாத்துறாங்க: அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, பயணப் படி. நல்ல மாற்றம்தான். ஆனா அந்த நிமிஷம், தொடவே தொடாத நம்ம காப்பி கோட் உடைஞ்சு போச்சு. புது ஊழியர் ஆப்ஜெக்ட் இருக்கு, அதுக்குள்ள இருக்கிற சம்பளம் மட்டும் பழைய ஆப்ஜெக்டையே காட்டுது. புது வீடு கட்டியாச்சு, பீரோ மட்டும் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணு. இந்த வகை பக் கண்டுபிடிக்கிறது ஏன் கஷ்டம்னா, கிட்ல தேடினா காப்பி எடுத்த வரில எந்த மாற்றமும் இருக்காது. மாறினது டேட்டாவோட வடிவம்.

டீப் காப்பி உள்ளுக்குள்ள எப்படி ஓடுது

யோசனை எளிமை. ஒரு ஆப்ஜெக்டை எடு, புதுசா ஒண்ணு உருவாக்கு, உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் இதையே திரும்பப் பண்ணு. ரிகர்ஷன். ஆனா இதை அப்படியே எழுதினா ரெண்டு இடத்துல மாட்டிக்கும்.

ஒண்ணு, சுழற்சி. ஊழியருக்குள்ள அவரோட டீம் இருக்கு. டீமுக்குள்ள உறுப்பினர் லிஸ்ட் இருக்கு. அந்த லிஸ்ட்ல அதே ஊழியர் இருக்கார். சுத்திச் சுத்தி ஸ்டாக் நிரம்பிடும்.

இன்னொண்ணு, பகிர்வு. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு பொதுக் கிணறு இருக்குன்னு வைங்க. முதல் வீட்டைக் காப்பி எடுக்கும்போது ஒரு புதுக் கிணறு தோண்டுறோம். ரெண்டாவது வீட்டைக் காப்பி எடுக்கும்போது மறுபடி ஒரு கிணறு தோண்டினா, ஒரிஜினல்ல ஒரு கிணறு, காப்பில ரெண்டு. அது அச்சு அசல் இல்ல.

ரெண்டுக்கும் ஒரே மருந்துதான். ஒரு குறிப்பேடு வெச்சுக்கணும்: "இந்தப் பழைய ஆப்ஜெக்டுக்கு ஏற்கெனவே இந்தப் புது ஆப்ஜெக்டைக் கட்டியாச்சு." மறுபடி அதே ஆப்ஜெக்ட் வந்தா புதுசா கட்டாம, கட்டினதையே குடுக்கணும். பைத்தானோட காப்பி மாட்யூல்ல இருக்கிற டீப்காப்பி ஃபங்ஷன் இதைத்தான் பண்ணுது. மெமோங்கிற ஒரு டிக்ஷனரி, பழைய ஆப்ஜெக்டோட ஐடி தான் சாவி. எண், ஸ்ட்ரிங் மாதிரி மாறவே முடியாத விஷயங்களை அது காப்பி எடுக்கிறது இல்ல, அதையே திருப்பிக் குடுத்துடும். மாறவே மாறாததுக்கு ரெண்டாவது எதுக்கு?

லிஸ்டையா, ஒவ்வொண்ணையா?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க. முழு லிஸ்டையும் ஒரே தடவை டீப்காப்பி பண்றதும், லூப் போட்டு ஒவ்வொண்ணா டீப்காப்பி பண்றதும் ஒண்ணு இல்ல. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அந்த மெமோ குறிப்பேடு காலியா ஆரம்பிக்கும்.

நம்ம கம்பெனிக்கே வருவோம். மூணு பேர் ஒரே டீம். அந்த டீம் ஆப்ஜெக்ட்ல சம்பள உயர்வுக்கு மீதி இருக்கிற பட்ஜெட் 12,000 ரூபாய். ஒவ்வொருத்தருக்கும் 5,000 ஏத்துறோம். ஏத்தும்போது டீம் பட்ஜெட்ல இருந்து கழிக்கணும், பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா எச்சரிக்கை காட்டணும். மொத்தம் 15,000. கண்டிப்பா எச்சரிக்கை வரணும்.

முழு லிஸ்டையும் ஒரே தடவைல காப்பி எடுத்தா, புது மூணு பேரும் ஒரே புது டீமைக் காட்டுவாங்க. 12,000, 7,000, 2,000, அப்புறம் மைனஸ் 3,000. எச்சரிக்கை வந்துடும். ஒவ்வொண்ணா காப்பி எடுத்தா? மூணு பேருக்கும் ஆளுக்கொரு டீம், ஆளுக்கொரு 12,000. ஒவ்வொருத்தருக்கும் மீதி 7,000 இருக்கு. எச்சரிக்கை வரவே வராது. ஒரிஜினல் பத்திரமா இருக்கு, ஆனா கணக்கு பொய். இது டீப் காப்பி எடுத்ததுக்கு அப்புறமும் வர்ற பக். "டீப் காப்பிதானே போட்டிருக்கோம்"னு நாம அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம்.

மத்த மொழிகள்ல என்ன நிலைமை

ஜாவாஸ்கிரிப்ட்ல ரொம்ப நாளா ஓடினது ஜேசான் தந்திரம். ஸ்ட்ரிங்கா மாத்து, திரும்பப் பார்ஸ் பண்ணு. சின்ன டேட்டாவுக்கு ஓடும். ஆனா டேட் ஆப்ஜெக்ட் ஸ்ட்ரிங்கா மாறிடும். அன்டிஃபைன்டா இருக்கிற ப்ராப்பர்ட்டி காணாமப் போயிடும். நேன், நல் ஆயிடும். மேப் வெறும் காலி ஆப்ஜெக்டா வந்து நிக்கும். சுழற்சி இருந்தா எர்ரர். பொதுக் கிணறு இருந்தா ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கிணறு ஆயிடும், ஏன்னா ஜேசானுக்கு மரம்தான் தெரியும், பகிர்வு தெரியாது.

இப்போ ஸ்ட்ரக்சர்டுக்ளோன்னு ஒரு ஃபங்ஷன் நேரடியாவே கிடைக்குது. 2022-ல எல்லா முக்கிய பிரவுசர்லயும் வந்துடுச்சு, நோட்ல 17-வது வெர்ஷன்லயே இருக்கு. டேட், மேப், செட் எல்லாம் சரியா வரும். சுழற்சி, பகிர்வு ரெண்டையும் காப்பாத்தும். ஆனா ஆப்ஜெக்ட்ல ஃபங்ஷன் வெச்சிருந்தா எர்ரர் குடுக்கும். நீங்க எழுதின கிளாஸோட ஆப்ஜெக்டைக் குடுத்தா, டேட்டா வரும், கிளாஸ் வராது. வெறும் ஆப்ஜெக்டா திரும்பும், மெத்தட் எதையும் கூப்பிட முடியாது.

ஜாவா கதை வேற. குளோனபிள்னு ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கு, அதுக்குள்ள குளோன்ங்கிற மெத்தடே இல்ல! அந்த மெத்தட் ஆப்ஜெக்ட் கிளாஸ்ல ப்ரொடெக்டடா உட்கார்ந்திருக்கு. அர்ரேலிஸ்டோட குளோனும் ஷாலோதான். ஜோஷுவா பிளாக் 'எஃபெக்டிவ் ஜாவா' புத்தகத்துல இந்த வடிவமைப்பை விமர்சிச்சு, காப்பி கன்ஸ்ட்ரக்டர் இல்லைன்னா காப்பி ஃபேக்டரி எழுதுங்கன்னு சொல்றார். எழுதுறதுக்கு நாலு வரி அதிகம், ஆனா எது காப்பி ஆகுது, எது ஆகலைன்னு கண்ணுக்கு நேரா தெரியும். டீம் மாதிரி பகிர்வு இருந்தா, ஒரு ஐடென்டிட்டிஹேஷ்மேப் எடுத்து பழைய டீமுக்குப் புது டீம் எதுன்னு நீங்களே குறிச்சு வைக்கணும். பைத்தானோட மெமோவை நம்ம கையால பண்றோம், அவ்வளவுதான்.

எவ்வளவு ஆழம் போதும்?

பைத்தானோட அதிகாரபூர்வ டாக்குமென்டேஷனே டீப் காப்பில ரெண்டு பிரச்சினை வரும்னு சொல்லுது. ஒண்ணு சுழற்சி. இன்னொண்ணு, அளவுக்கு மீறி காப்பி எடுக்கிறது. ஊழியரைக் காப்பி எடுக்கப் போய், அவர் டீம், டீமோட தலைவர், தலைவருக்கு மேல இருக்கிறவர்னு ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா மொத்தக் கம்பெனியும் கூட வந்துடும். ஆப்ஜெக்டுக்குள்ள ஒரு லாக்கோ, சாக்கெட்டோ இருந்தா பைத்தான் டைப்எர்ரர் குடுத்து நின்னுடும். அது நல்லதுதான், ஏன்னா ஒரு நெட்வொர்க் இணைப்பை "காப்பி" எடுக்கிறதுக்கு அர்த்தமே இல்ல. ரொம்ப நீளமான லிங்க்டு லிஸ்ட் குடுத்தாலும் பைத்தானோட ரிகர்ஷன் வரம்புல முட்டி நிக்கும். அந்த வரம்பு வழக்கமா 1000.

அப்போ எங்க நிறுத்துறது? இதுக்கு பதில் நம்ம காலேஜ் சிலபஸ்லயே இருந்துச்சு. யூஎம்எல் படத்துல கறுப்பு டைமண்ட், வெள்ளை டைமண்ட் வரைஞ்சது ஞாபகம் இருக்கா? கம்போசிஷன், அக்ரிகேஷன். ரெண்டு மார்க் கேள்வின்னு படிச்சுட்டு மறந்துட்டோம். அதோட நிஜமான பயன் இங்கதான். ஊழியர் போயிட்டா அவர் சம்பள விவரத்துக்குத் தனியா வாழ்க்கை இல்ல, அது அவருக்குச் சொந்தம். கறுப்பு டைமண்ட். அதைக் காப்பி எடு. ஆனா அலுவலகம் இருக்கிற ஊர், நாணயம், லீவு விதிகள் எல்லாம் அவருக்குச் சொந்தமில்ல, அவர் அதைப் பயன்படுத்துறார். வெள்ளை டைமண்ட். அதைப் பகிர்ந்துக்கலாம். டீம்? இந்தக் கணக்குல டீம் பட்ஜெட்டை மாத்துறோம், அதனால அதுவும் காப்பிக்குள்ள வரணும், ஆனா ஒரே ஒரு தடவை. நான் ரிவ்யூ பண்ணும்போது கேட்கிற கேள்வி இதுதான்: "இந்த வேலைல நீ எதையெல்லாம் மாத்தப் போற?" அந்தப் பட்டியல்தான் ஆழம். பைத்தான்ல டபுள் அண்டர்ஸ்கோர் போட்ட டீப்காப்பி மெத்தடைக் கிளாஸ்ல எழுதி, இந்த எல்லையை நீங்களே சொல்லிக் குடுக்கலாம்.

ஓஆர்எம் ஆப்ஜெக்டை மட்டும் அப்படியே டீப்காப்பி பண்ணாதீங்க. செஷன் சம்பந்தப்பட்ட உள்விஷயங்களும் அதுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். கணக்குக்குத் தேவையான நாலு விவரத்தை மட்டும் ஒரு சாதாரண ஆப்ஜெக்டுக்கு எடுத்துக்கிட்டு, அதுல விளையாடுங்க. ஐடி விஷயத்துலயும் கவனம். ஊழியர் எண் 107 காப்பிலயும் 107-ஆவே இருக்கும். அது தவறுதலா சேவ் ஆகுற இடத்துக்குப் போனா ஒரிஜினல் மேலேயே எழுதிடும்.

காப்பியே வேண்டாம்னா?

இன்னொரு பக்கமும் இருக்கு. எச்ஆர் கேட்டது மொத்தச் செலவு மட்டும்தானே? ஒவ்வொரு சம்பளத்தையும் 1.1-ஆல பெருக்கிக் கூட்டினா போதும். எதையும் மாத்தலைன்னா எதையும் காப்பி எடுக்க வேண்டாம்.

மாத்தித்தான் ஆகணும்னா, மாறாத ஆப்ஜெக்ட் நல்ல வழி. பைத்தான்ல ஃப்ரோசன் டேட்டாகிளாஸ், ஜாவா 16-ல இருந்து ரெக்கார்ட். சம்பளம் மாறணும்னா பழசைத் தொடாம, அந்த ஒரு விவரம் மட்டும் மாறின புது ஆப்ஜெக்டை உருவாக்குவோம். மாறாத பாகங்களைப் பழசோட பயமில்லாம பகிர்ந்துக்கலாம், யாரும் பெயின்ட் அடிக்க முடியாதே! ஆனா இங்கயும் ஒரு பொறி: ரெக்கார்டுக்குள்ள ஒரு சாதாரண லிஸ்ட் வெச்சா அந்த லிஸ்ட் மாறும். ஜாவாஸ்கிரிப்டோட ஆப்ஜெக்ட் டாட் ஃப்ரீஸும் மேல்மட்டத்தை மட்டும்தான் உறைய வைக்கும். பூட்டுறதுலயும் ஷாலோ, டீப் உண்டு.

கடைசியா, டெஸ்ட். காப்பி எடுக்கிற எந்த ஃபங்ஷனுக்கும் மூணு கேள்வி கேளுங்க. காப்பில ரொம்ப உள்ள இருக்கிற ஒண்ணை மாத்தினா ஒரிஜினல் மாறுதா? மாறக் கூடாது. ஒரே டீம்ல இருந்த ரெண்டு பேர் காப்பிலயும் ஒரே டீம் ஆப்ஜெக்டைத்தான் காட்டுறாங்களா? காட்டணும். அந்தப் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா ஒரே விடை வருதா? வரணும். நம்ம எச்ஆர் பட்டனுக்கு மூணாவது கேள்வி மட்டும் கேட்டிருந்தாலே 60,500 அன்னைக்கே மாட்டியிருக்கும்.

இதைக் கேட்டதும் உங்க ப்ராஜெக்ட்ல "காப்பி"னு ஒரு தடவை தேடிப் பாருங்க. வர்ற ஒவ்வொரு வரிலயும் புதுசா வந்தது நோட்டா, வீடான்னு கேளுங்க. அடுத்த வாரம், ரெண்டு ஆப்ஜெக்ட் "சமம்"னு எப்போ சொல்லலாம்னு பேசுவோம், அதுவும் இதே தெருவுலதான் இருக்கு.